மூக்கை மேற்கே வைத்த கட்டடம்

கோயம்புத்தூரில் ஆடி மாதம் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டால், ரோட்டோரம் மேய்கிற மாடுகூட மேற்கே திரும்பிக் காட்டும். அந்தப் பக்கம் மலைத்தொடருக்கு நடுவே பாலக்காட்டுக் கணவாய் கதவில்லாத வாசல் மாதிரித் திறந்து கிடக்கிறது. கேரளத்துக் காற்று அந்த வழியாக நுழைந்து, கொடியில் காயும் வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத்தான் ஓயும். இது தெரியாமல் இந்த ஊரில் ஒரு கட்டடம் கட்டிய ஒரே ஆள் நான்தான். அதுவும் காற்றுக்காகவே கட்டிய கட்டடம்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஈரோட்டில் அப்பாவுக்கு மஞ்சள் மண்டி. சென்னையில் ஐந்து வருடம் கட்டடக்கலை படித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர் வந்து சேர்ந்திருந்தேன். கைத்தறிச் சேலை, தோளில் ஜோல்னாப் பை, வாயில் ‘இயற்கையோடு இயைந்த’ என்ற சொல். இந்த மூன்றும் இல்லாமல் நான் வெளியே கிளம்பியதே கிடையாது. (அந்தக் காலத்துப் போட்டோக்களை என் வீட்டுக்காரர் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். சண்டை வரும்போது எடுப்பார்.)

அப்பாவுக்குத் தெரிந்தவர் குமாரசாமி அய்யா. அவிநாசி ரோட்டுப் பக்கம் பம்ப்செட் ஃபேக்டரி வைத்திருந்தார். அவருடைய ஆபீஸ், குடோனில் தடுப்பு வைத்துப் பிரித்த இருட்டு அறை. ஜன்னலைத் திறந்தால் பெயின்ட் ஷெட்டின் நெடி வரும். மூடினால் நாற்பது பேரின் மூச்சு வெளியே போகாது. சாயங்காலமானால் பாதிப் பேருக்குத் தலைவலி. ஒரு வருடம் வியாபாரக் கண்காட்சிக்கு வெளிநாடு போன அய்யா, அங்கே யாரோ ஒருவருடைய ஆபீஸைப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அம்மணி, அவிங்க ஆபீசுக்குள்ள வெளிச்சம் வருதுங்க, காத்து வருதுங்க, செடி வளருதுங்க. நம்மாபீசுல கரப்பான்தானுங்க வளருது. சனம் நல்லா மூச்சு உட்டு வேலை செய்யோணும். அப்படி ஒண்ணு கட்டிக் குடுக்க முடியுமுங்களா?”

“கட்டடமே மூச்சு விடற மாதிரிக் கட்டலாங்க அய்யா” என்றேன்.

அய்யா அசந்துபோனார். சொன்ன நானும் கொஞ்சம் அசந்துதான் போனேன்.

காற்றை ஆராயாமல் கட்டக் கூடாது என்று கல்லூரியில் படித்திருந்தேன். ஆகவே மனையின் நடுவில் ஒரு மூங்கிலை நட்டு, உச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டி, பத்து நாள் குடை பிடித்து உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். ரிப்பன் பத்து நாளும் மேற்கு நோக்கியே பறந்தது. அதாவது காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ஆராய்ச்சி முடிந்தது!

அது தை மாதம். தை மாதத்தில் இங்கே காற்று கிழக்கிலிருந்துதான் வரும். வருடத்துக்கு இன்னும் பதினொரு மாதம் உண்டு என்பது ஏனோ எனக்குத் தோன்றவில்லை.

திட்டம் இதுதான். கிழக்குச் சுவர் முழுக்கப் பெரிய ஜன்னல்கள். அவற்றின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஆட்களின் மேல் பட்டுச் சூடாகி மேலே எழும்பும். மேற்கு ஓரத்தில் நாற்பதடி உயரத்துக்கு ஒரு காற்றுக் கோபுரம். அதன் உச்சியில் மேற்கே பார்த்த அகலமான வாய். சூடான காற்று அது வழியாக வெளியே போய்விடும். வாயைத் திறக்க, மூட ஒரு பலகைக் கதவு. அதை இயக்கக் கீழே ஒரு கயிறு. அந்த வாய்க்கு ‘மூக்கு’ என்று பெயர் வைத்தேன். வரைபடத்தில் அதற்கு இரண்டு கண்ணும் வரைந்திருந்தேன். (இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.)

மூக்குக்கு நேர் மேற்கே, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, காதர் பாயின் அரவை மில் இருந்தது. ராகி, கோதுமை, மல்லி, மிளகாய் எல்லாம் அரைப்பார்கள். பத்து நாள் ஆராய்ச்சியில் அங்கிருந்து ஒரு தும்மல் அளவுக்குக்கூட எனக்கு வாடை வரவில்லை. எப்படி வரும்? என் பக்கத்துக் காற்றுதான் அவர் மில்லுக்குள் போய்க்கொண்டிருந்ததே.

கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தபோது, கணக்கர் பழனிச்சாமி அண்ணன் ஒரு நாள் சாரத்துக்குக் கீழே வந்து நின்றார். கம்பெனியில் எல்லோருக்கும் மூத்தவர். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“ஏனுங்க இஞ்சினீரம்மா, வாயி மேக்க பாத்து வெச்சிருக்கறீங்களா?”

“ஆமாங்கண்ணா. அந்தப் பக்கந்தான் காத்து வெளிய போகும்.”

“அப்பிடீங்களா. சரிங்க சரிங்க.”

எங்கள் பக்கத்தில் ஒரு ‘சரிங்க’ என்றால் சரி. இரண்டு ‘சரிங்க’ என்றால் சரியில்லை. மூன்று என்றால் வேலையை நிறுத்திவிட்டு ஓடிவிட வேண்டும். கொங்கு மண்ணில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வருடச் சென்னை வாசத்தில் காது மந்தித்துப் போயிருந்தது. அண்ணன் நம் திட்டத்தை மெச்சிவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு பகலாக வேலை ஓடி, பங்குனிக் கடைசியிலேயே புது ஆபீசுக்குக் குடி போனோம். பால் காய்ச்சி, ஆளுக்கொரு தொட்டிச்செடி கொடுத்தோம். பகலில் ட்யூப்லைட் கூடாது, இயற்கை வெளிச்சம்தான் என்று கூரையின் நடுவே பெரிய கண்ணாடி பதித்திருந்தேன். அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வளைய வளைய வந்து பார்த்தார். “கல்யாண மண்டபமாட்ட இருக்குதுங்க அம்மணி” என்றார். அதை விடப் பெரிய பாராட்டு அவருக்குத் தெரியாது.

சித்திரை வந்தது. காற்று நின்றது. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சதுரமாகத் தரையில் விழுந்தது. காலையில் அந்தச் சதுரம் மேற்கே இருக்கும், விற்பனைப் பிரிவின் மேல். மத்தியானம் நடுவில், டைப்பிஸ்ட் சரோஜினி அக்காவின் மேல். சாயங்காலம் கிழக்கே, கணக்குப் பிரிவின் மேல். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெயில் தன் மேஜைக்கு வரும்போது, மேஜையை மெல்லத் தூக்கி நகர்த்திக்கொண்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போய்ப் பார்த்தால் நாற்பது மேஜையும் வடக்குச் சுவரோரம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். விற்பனையின் போனைக் கணக்குப் பிரிவு எடுக்கும். பழனிச்சாமி அண்ணனின் டிபன் பாக்ஸ் சரோஜினி அக்காவின் டைப்ரைட்டர் மேல் இருக்கும்.

நான் அதைப் போட்டோ எடுத்தேன். தினமும் வந்து பார்த்து அய்யாவுக்காக எழுதிக்கொண்டிருந்த அறிக்கையில் ஒட்டினேன். ‘தடுப்புகள் இல்லாத புதிய அமைப்பினால் ஊழியர்களிடையே நெருக்கம் அதிகரித்துள்ளது’ என்று கீழே எழுதினேன். எழுதியது பொய்யில்லை.

அதோடு விட்டேனா? ஊழியர் நலன் பற்றி முறையாகத் தெரிந்துகொள்ள ஒரு படிவம் தயாரித்தேன். பத்துக் கேள்விகள். வெளிச்சம் எப்படி, காற்று எப்படி, வெப்பம் எப்படி, மனம் எப்படி? ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். நானே மேஜை மேஜையாகப் போய்க் கொடுத்து, பக்கத்தில் நின்று, சிரித்த முகமாக வாங்கிக்கொண்டேன்.

நாற்பது பேரும் எல்லாவற்றுக்கும் பத்து போட்டிருந்தார்கள். ஒருவர் பதினொன்று போட்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். கட்டிய பெண் எதிரில் நின்று பல்லைக் காட்டுகிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ‘வெக்கை தாங்கவில்லை’ என்று எழுத இந்த ஊரில் யாருக்கு மனசு வரும்? பழனிச்சாமி அண்ணன் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு அந்தப் படிவத்தை நிரப்பினார். துண்டிலிருந்து சொட்டிய தண்ணீரில் ‘வெப்பம்: 10/10’ லேசாக அழிந்திருந்தது.

“இது என்னங்கண்ணா துண்டு?” என்று கேட்டேன்.

“சும்மா ஒரு இதுக்குங்க” என்றார்.

ஆனி பிறந்தது. ஒரு நாள் காலையில் கோபுரத்திலிருந்து குபுகுபுவென்று காற்று கீழே இறங்கியது. வெளியே விட வேண்டிய மூக்கு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நான் பதறியிருக்க வேண்டும். ஆனால் ஆபீஸ் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குளுகுளுவென்று இருந்தது. சரோஜினி அக்கா தாமாகவே, “இன்னைக்கு நெசமாலுமே நல்லாருக்குதுங்க” என்றார். அந்த ‘நெசமாலுமே’ என் காதில் விழவில்லை. மூச்சு என்றால் உள்ளேயும் வரும், வெளியேயும் போகும், கட்டடம் தன் சுபாவப்படி நடந்துகொள்கிறது என்று அய்யாவிடம் விளக்கினேன். அவரும் தலையாட்டினார்.

ஒரே ஒரு விஷயம் இடித்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், புதன்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் லீவு. ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்கு காரமடைக் கோயில் வேண்டுதல், ஒருவருக்கு மச்சாண்டார் வீட்டு விசேஷம். புதன்கிழமைகளில் நான் ஆபீசில் இருப்பதில்லை; அவிநாசியில் இன்னொரு வேலையை மேற்பார்வை பார்க்கப் போய்விடுவேன். ஆகவே உட்கார்ந்த இடத்திலேயே காரணம் கண்டுபிடித்தேன். வாரத்தின் நடுநாளில் மனிதனுக்கு வரும் இயற்கையான சோர்வு. அதையும் அறிக்கையில் எழுதினேன்.

உண்மைக் காரணத்தை ஊரில் எல்லோரும் அறிவார்கள். காதர் பாய் மில்லில் மிளகாய் அரைப்பது புதன்கிழமை மட்டும்.

ஆடி மாதம் அய்யா என்னைக் கூப்பிட்டார். அவர் வெளிநாட்டில் சந்தித்த கம்பெனியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். பம்புகளைப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் பெரிய ஆர்டர். ஃபேக்டரியில் இன்னொரு ஷெட் போட்டு இருநூறு பேருக்கு வேலை கொடுக்கலாம். அந்த ஷெட்டையும் நானே கட்டலாம். “ஆனா அவிங்க பம்பை மட்டும் பாக்க மாட்டாங்க அம்மணி. வேலை செய்யறவங்களை நாம எப்படி வெச்சிருக்கறம்னு பாப்பாங்க. உங்க கட்டடத்த நம்பித்தானுங்க கூப்புட்டிருக்கறேன். எந்த நாள் தோதுப்படும்?”

நான் காலண்டரைப் பார்த்தேன். நன்றாக யோசித்தேன். வார நடுவில் சோர்ந்திருக்கும் ஊழியர்களுக்கு விருந்தினர் வருகை உற்சாகம் தரும் என்று கணக்குப் போட்டேன்.

“புதன்கிழமைங்க அய்யா” என்றேன்.

அன்றைக்கு ஒருவரும் லீவு போடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினேன். எல்லோரும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதினேன். நோட்டீஸைப் படித்துவிட்டு சரோஜினி அக்கா என்னிடம் வந்தார். “புதங்கெழமைங்களா?” என்றார். “ஆமாங்க்கா” என்றேன். “சரிங்க சரிங்க சரிங்க” என்றார்.

மூன்று!

புதன்கிழமை பதினோரு மணிக்கு விருந்தினர்கள் வந்தார்கள். உயரமாக ஒரு ஆள், தாடி வைத்த ஒரு ஆள், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாள். சந்தனம், மல்லிகை மாலை, இளநீர். என் அப்பாவும் அம்மாவும் மகள் கட்டியதைப் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்து, பின்வரிசையில் பட்டுப் புடவையும் சலவை வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஆடிக் காற்று மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் காதர் பாய் தன் மில்லில் புதிதாக ஒரு பெரிய மெஷினை ஓட்டத் தொடங்கியிருந்தார். ஏதோ ஒரு மெஸ்ஸுக்காக மூட்டை மூட்டையாக மிளகாய் வந்து இறங்கியிருந்தது. மெஷினை ஓட்டிய மோட்டார் எங்கள் கம்பெனி மோட்டார். (மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.)

நான் இங்கிலீஷில் பேசினேன். ஒப்பித்து வைத்திருந்தது பிசிறில்லாமல் வந்தது. பிறகு விருந்தினர்கள் மூவரையும் கோபுரத்துக்கு நேர் கீழே நிறுத்தினேன். “கண்களை மூடிக்கொள்ளுங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள்” என்றேன்.

பாவம், நிறைய இழுத்தார்கள்.

கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் செந்தூரப் பொடி தூவியது போல ஏதோ மிதந்து இறங்குவதைப் பார்த்தேன். அழகாக இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் என் தொண்டையில் யாரோ தீக்குச்சியைக் கிழித்தார்கள்.

உயரமானவர் முதலில் தும்மினார். அந்தத் தும்மலில் மாலை அறுந்து மல்லிகை சிதறியது. தாடிக்காரர் இருமத் தொடங்கி, தூணைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாளின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஊழியர்கள் மட்டும் இருமவில்லை. நோட்டீஸில் எழுதியிருந்தபடி நாற்பது பேரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது பேருக்கும் கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது.

அந்த அம்மாள் தன் கண்ணைத் துடைத்தபடி சரோஜினி அக்காவைப் பார்த்துவிட்டார். அக்கா டைப் அடித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். ஏன் அழுகிறார் என்று அம்மாள் அய்யாவிடம் கேட்டார்.

அய்யா தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏனுங்க சரோஜினி, எதுக்கு அழுவுறீங்கன்னு கேக்கறாங்க” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க.” அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார். “நொம்ப... நல்லாருக்குதுங்க.”

அய்யா நேர்மையான மனிதர். சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தார். இந்தக் கட்டடத்தை நினைத்தால் இவர்களுக்கு அழுகை வருகிறது என்று அந்த அம்மாள் புரிந்துகொண்டார். நெஞ்சு நெகிழ்ந்து, சரோஜினி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவரும் அழுதார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாசலைப் பார்த்து ஓடியிருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? காற்று போதாததால்தான் கமறுகிறது என்று முடிவு கட்டினேன். கோபுரத்துக் கதவு அதுவரை பாதிதான் திறந்திருந்தது. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து, என் எடை முழுவதையும் போட்டு இழுத்து, மூக்கை முழுசாகத் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை, கண் திறக்கவில்லை. பழனிச்சாமி அண்ணனின் குரல் மட்டும் கேட்டது. “மூடுங்க இஞ்சினீரம்மா, மூடுங்க!” நான் மறுபடி இழுத்தேன். கயிறு அறுந்து என் தலையிலேயே விழுந்தது.

யாரோ வாசல் கதவைத் திறக்க, எல்லோரும் வெளியே பாய்ந்தோம். என் அம்மா பட்டுப் புடவைத் தலைப்பால் அந்த உயரமான ஆளின் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “வாங்க சாமி, வாங்க சாமி” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லோருக்கும் கடைசியாக வெளியே வந்தவர் பழனிச்சாமி அண்ணன். நேரத்தைக் குறித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

வெளியே புங்கமரத்தடியில், விருந்தினர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்காகப் பெரிய பம்பு ஒன்றைத் தொட்டியில் பொருத்தி வைத்திருந்தார்கள். அய்யா சுவிட்சைத் தட்டினார். தூண் தடிமனுக்குத் தண்ணீர் பாய்ந்தது. உயரமானவர் கோட்டோடு தலையை அதற்கடியில் நீட்டினார். பிறகு தாடிக்காரர். பிறகு அம்மாள். பிறகு வரிசையாக நாங்கள் நாற்பத்துச் சொச்சம் பேர். பம்பு ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஒரு தடவைகூடத் தண்ணீர் தளரவில்லை. உயரமானவர் சிவந்த கண்களோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். சூடாகவில்லை. தாடிக்காரரைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார்.

இந்தக் களேபரத்தில் காதர் பாய் காம்பவுண்டைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். தாடி, பனியன், கை எல்லாம் சிவப்பு.

“மன்னிச்சுப்போடுங்க அம்மணி! எங்க மொளகா உங்க கட்டடத்துக்குள்ளார வந்துபோட்டதுங்களாமா? இப்பத்தானுங்க சொன்னாங்க. மெஷினை நிறுத்திப்போட்டேனுங்க.” வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டில் போய்க் கண்ணாடியை உடைத்துவிட்ட மாதிரி அவருக்குக் கூசிப்போயிருந்தது. அப்புறம் மேலே மூக்கைப் பார்த்தார். ரொம்பவும் தயங்கி, குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று குரலை இறக்கிக் கேட்டார். “ஏனுங்க... ஆடிக் காத்து மேக்கயிருந்துதானுங்களே வரும்?”

ஐந்து வருடப் படிப்பு, பத்து நாள் ஆராய்ச்சி, நாற்பது படிவம் எல்லாம் தலையிலிருந்து தண்ணீரோடு சொட்டிக்கொண்டிருந்தன.

அய்யா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊழியர்களைப் பார்த்தார். “இது இன்னைக்கு மட்டுந்தானுங்களா, இல்ல எப்பவுமேங்களா?”

நாற்பது பேரும் செருப்பைப் பார்த்தார்கள்.

“நெசத்தைச் சொல்லுங்க சாமி” என்றார் அய்யா. “நீங்க மூச்சு முட்டிக் கெடக்கக் கூடாதுன்னுதானுங்க இத்தனையும் பண்ணுனேன்.”

சரோஜினி அக்கா ஈரத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தார். “ஒண்ணு சொல்லட்டுங்களா? இஞ்சினீரம்மா கோவிச்சுக்கக் கூடாதுங்க.”

“சொல்லுங்க்கா” என்றேன்.

“வாரத்துக்கு ஒரு நா இப்பிடித்தானுங்க கமறும். அதுகூடப் பரவால்லீங்க. மத்தியானம் என்ற மண்டைக்கு மேலயே வெயிலுங்க. டைப்பு மெஷினு கீயி தொட்டா சுடுமுங்க. மேசையத் தூக்கித் தூக்கி இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க.”

ஒருவர் பேசியதும் மடை திறந்துகொண்டது. செடித் தொட்டியில் கொசு. கோபுரத்தில் புறா. கூரையில் எதிரொலி, ஒருவர் போனில் பேசினால் நாற்பது பேருக்கும் அவர் வீட்டு விவகாரம் தெரிந்துவிடுகிறது. பழனிச்சாமி அண்ணன் தலையில் இருந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். “சித்திரை மாசம் நானு குடிச்ச மோருக்கு அளவில்லீங்க” என்றார். அவர் ஒருவர்தான் கடைசிவரை கட்டடத்தைக் குறை சொல்லாமல் மோரோடு நிறுத்திக்கொண்டார்.

நான் அழுதேன். மிளகாயினால்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அல்லது அப்படி எடுத்துக்கொண்டதாகக் காட்டிக்கொண்டார்கள். அந்தப் பண்பு அந்த நேரத்திலும் அவர்களை விட்டுப் போகவில்லை. அய்யாவிடம் போய், இன்றைக்கே அப்பா அம்மாவோடு ஈரோட்டு ரயிலைப் பிடித்துவிடுகிறேன் என்றேன்.

“போகோணும்னா போங்க அம்மணி” என்றார். “ஆனா மொதல்ல அந்த ஓட்டையை அடைச்சுப்போட்டுப் போங்க.”

ஆர்டர் கிடைத்தது. கட்டடத்தைப் பற்றி அவர்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பம்பைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. ஒரு மனிதன் கண்ணைத் திறக்க முடியாமல் ஒரு மணி நேரம் ஒரு பம்பை நம்பி நின்றால், அதற்குப் பிறகு வேறு கம்பெனி பம்பைத் தேடிப் போவானா?

ஓட்டையை அடைத்தேன். ரயில் ஏறவில்லை, சரோஜினி அக்கா விடவில்லை. “எங்களோட ஒரு மாசம் உக்காந்து பாருங்க. அப்பறம் எங்க போகோணுமோ போங்க” என்றார். அவர் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டார். ஒரு மாதம் ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்து எழுந்தேன். என் மண்டையிலும் வெயில் விழுந்தது. என் காலையும் கொசு கடித்தது. மூன்றாம் நாளே கூரைக் கண்ணாடிக்குக் கீழே கதர்த் துணியை இழுத்துக் கட்டச் சொன்னேன். தெற்கே ஜன்னல் வைத்தோம். புறாக்களுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தோம். காதர் பாய் மில்லில் தூசி வெளியே பறக்காமலிருக்க எங்கள் ஃபிட்டர்களே போய்ப் பெரிய துணிப்பை ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். அதன் பிறகு வந்த சித்திரையில் பழனிச்சாமி அண்ணன் மோரைக் குறைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது வந்த சந்தோஷம், பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட வரவில்லை.

ஆனால் பேர் போனது போனதுதான். கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு வரை நான் ‘மொளகாத்தூள் இஞ்சினீரம்மா’ ஆகிவிட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பாடச் சொல்லவில்லை, சமைக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. “அந்தக் கட்டடம் நீதானா கண்ணு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடக்க முடியாமல் சிரித்தார். அன்றைக்கே பாக்கு வெற்றிலை மாற்றிவிட்டார்கள்.

என் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, வகுப்பில் அவரவர் அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். இவள் எழுந்து நின்று, “எங்கப்பா பேங்க்ல இருக்கறாருங்க. எங்கம்மா கட்டடம் கட்டி, உள்ள இருக்கறவங்களை அழ வெப்பாங்க” என்றிருக்கிறாள். மறுநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வேறு வழியில்லாமல், மூங்கிலில் ரிப்பன் கட்டியதிலிருந்து பம்படியில் தலையை நீட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“நம்ம ஸ்கூல்ல புதுசா ஒரு பிளாக் கட்டறமுங்க” என்றார்.

எனக்குள் பழைய ஜோல்னாப் பைக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் கட்டிக் குடுக்கட்டுங்களா?”

“ஐயையோ, வேண்டாமுங்க” என்றார் பதறிப்போய். அப்புறம் மரியாதைக் குறைவாகிவிட்டதோ என்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்பத் தன்மையாகச் சொன்னார். “ஒருக்கா வந்து, அதுல உக்காந்து மட்டும் பாத்துட்டுப் போங்க.”

போனேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி மூன்று நாள் உட்கார்ந்தேன். நல்ல வேலைதான் அது. இன்றுவரை நான் செய்துவருவதும் அதுதான். மற்றவர்கள் கட்டியதில் போய் உட்கார்ந்து, எங்கே சுடுகிறது, எங்கே கமறுகிறது என்று சொல்லிவிட்டு வருவது. எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது புது ஆள் வந்து நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டால், பதில் சொல்ல என்னை விடுவதேயில்லை. பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டு, “மொதல்ல இருந்து சொல்லட்டுங்களா?” என்று ஆரம்பித்துவிடுகிறார்.